கடலோர வீட்டிலிருந்து இணையவழிப் பாடம் வடிவமைக்க: முழுமையான வழிகாட்டி

இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனர் (இணையவழிப் பாடம் வடிவமைப்பவர்) வேலை விளம்பரங்களில், ஸ்டோரிலைன் தெரியுமா, கேப்டிவேட் தெரியுமா என்று பாடம் உருவாக்கும் மென்பொருளைத்தான் முதலில் கேட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு மென்பொருளில் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே பட்டன், அனிமேஷன் எல்லாம் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அதற்குமேல் எந்தப் பாடத்தை எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் நின்றுபோகிறார்கள். இந்த வேலையில் பெரும்பங்கு வேர்ட் கோப்பிலும் போன் பேச்சிலுமே முடிந்துவிடும். மென்பொருளைத் திறக்கும்போது முடிவெடுக்க எதுவும் பாக்கி இருக்கக் கூடாது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு இது இன்னும் கண்டிப்பு. சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் போய்க் கேட்க முடியாது. எழுத்தில் இல்லாத எதுவும் கிளையன்ட்டுக்குப் போய்ச் சேராது.

இராமநாதபுரம் மாவட்டக் கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, நடுவில் தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை என எந்த ஊரில் இருந்தும் இந்த வேலையைச் செய்யலாம். ஆனால் உப்புக்காற்று, மின்தடை, மழைக்கால நெட்வொர்க் மூன்றுக்கும் முன்கூட்டியே வழி செய்துகொள்ள வேண்டும். வேலை என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு அதற்கு வருவோம்.

வேலை என்ன, யாருக்கு ஒத்துவரும்

ஒரு நிறுவனத்திடம் 200 பக்கக் கையேடு இருக்கும். புதிதாகச் சேர்ந்த ஊழியர் அதைப் படித்து ஒரு வேலையைச் செய்ய வேண்டும். அவர் படிக்க மாட்டார். படித்தாலும் செய்ய வராது. அந்த 200 பக்கத்தில் எது வேண்டாம் என்று முடிவு செய்து, மீதியைச் செய்து பழகும் பாடமாக மாற்றித் தருவதுதான் உங்கள் வேலை. சேர்ப்பதைவிடக் கழிப்பதற்குத்தான் இதில் சம்பளம்.

பி.எட். முடித்தவர்கள், டியூஷன் எடுப்பவர்கள், நர்ஸ்கள், தொழிற்பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுத்தவர்கள், நன்றாக எழுதுபவர்கள் ஆகியோருக்கு இது சுலபமாக வரும். எந்தப் பட்டம் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. செய்துகாட்டிய மாதிரிப் பாடங்களைத்தான் கேட்பார்கள். ஆங்கிலம் சரளமாகப் பேச வராவிட்டாலும் பரவாயில்லை, மின்னஞ்சலில் தெளிவாக எழுத வர வேண்டும்.

வீட்டு ஏற்பாடு: மின்சாரம், இணையம், உப்பு

மின்சாரத்தைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். லேப்டாப் 65 வாட், பைபர் மோடமும் ரவுட்டரும் சேர்த்து 20, மின்விசிறி 70, எல்இடி விளக்கு 10; மொத்தம் 165 வாட். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியில் பெயரளவுக்கு 1800 வாட்-அவர் இருக்கும். பேட்டரியை முழுக்க வடித்துவிடக் கூடாது, இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். இரண்டுக்கும் 20 சதவீதம் வீதம் கழித்தால் கையில் நிற்பது சுமார் 1150. ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஓடும். பராமரிப்புக்காக மின்வாரியம் காலை 9 முதல் மாலை வரை நிறுத்தும் நாளை இதை வைத்து ஓட்டிவிடலாம். அந்த அறிவிப்பு முன்கூட்டியே வந்துவிடும். ஆன்லைன் மீட்டிங்கை அன்றைக்குப் போடாதீர்கள். இன்வெர்ட்டர் வாங்க வசதியில்லை என்றால் ரவுட்டருக்கு மட்டுமாவது 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள். லேப்டாப் தன் பேட்டரியில் ஓடும், இணையம் அறுபடாது.

இணையத்தில் எல்லாரும் டவுன்லோடு வேகத்தைத்தான் பார்ப்பார்கள். இந்த வேலைக்கு அப்லோடு வேகம்தான் முக்கியம். 1 ஜிபி வீடியோவை 5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்ற, தடங்கல் இல்லாவிட்டாலும் 27 நிமிடம் ஆகும். பைபர் இணைப்பு ஒன்று, அதே நிறுவனத்துடையதாக இல்லாத மொபைல் சிம் ஒன்று என இரண்டு வழி வைத்திருங்கள். புயல் நேரத்தில் பைபரும் டவரும் சேர்ந்தே படுத்துவிடும். அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒப்புக்கொள்ளும் ஒவ்வொரு கெடுவிலும் இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்த உடனே, மின்சாரம் இருக்கும்போதே, "இரண்டு நாள் தொடர்பு கிடைக்காமல் போகலாம், இதுவரை முடித்த கோப்பு இதோ" என்று கிளையன்ட்டுக்கு எழுதிவிடுங்கள். முன்னால் சொன்னால் அது தகவல். பின்னால் சொன்னால் சாக்குப்போக்காகத்தான் தெரியும்.

உப்பு சத்தமில்லாமல் வேலையைக் காட்டும். யுஎஸ்பி துளைகளில் பச்சை பூக்கும், சார்ஜர் முனை கறுக்கும், கீபோர்டில் சில எழுத்துகள் அழுந்தாது. கடல் பார்த்த ஜன்னலோரம் மேசை போடுவது பார்க்க அழகாக இருக்கும், பொருளுக்கு ஆகாது. கடலுக்கு எதிர்ப்பக்க அறையைத் தேர்ந்தெடுங்கள். மைக், ஹார்டு டிஸ்க், கேமரா மூன்றையும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். மைக் வாங்குவதானால் கண்டென்சரைவிட டைனமிக் மைக் நல்லது. ஈரக்காற்றைத் தாங்கும், விசிறிச் சத்தமும் காற்றிரைச்சலும் அவ்வளவாக ஏறாது.

நேரக் கணக்கையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் காலை 9 என்றால் இங்கே 6.30. துபாயின் 9 இங்கே 10.30. லண்டன் 9 மணி கோடையில் 1.30, குளிர்காலத்தில் 2.30. நியூயார்க் 9 மணி என்றால் மாலை 6.30 அல்லது 7.30. அமெரிக்க கிளையன்ட் வேண்டுமென்றால் முன்னிரவு வீட்டாருக்குக் கிடைக்காது. அதைப் பேசி முடிவு செய்துகொண்டு இறங்குங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாத் தொடர்பு உள்ள குடும்பங்களுக்கு துபாய் நேரம் ஏற்கெனவே பழக்கம்தான்.

ஒரு பாடம் எப்படி உருவாகிறது

பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயல்படுத்தல், மதிப்பீடு என்ற ஐந்து கட்டங்களை ஆடி (ADDIE) என்ற சுருக்கப் பெயரில் எல்லா இடத்திலும் சொல்வார்கள். 1975-ல் அமெரிக்க ராணுவப் பயிற்சிக்காக ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான முறை அது. நேர்முகத் தேர்விலும் கேட்பார்கள், தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நடைமுறையில் இந்தக் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துதான் ஓடும்.

இங்கே ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை போவோம். பாக் நீரிணைக் கரையில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கும் பெண்கள் குழுக்களுக்கு, கப்பாபைகஸ் பாசி நடவு பற்றிப் பத்து நிமிடப் பாடம் வேண்டும். இங்கே பெப்சி பாசி என்றால்தான் தெரியும். கற்பவர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன். சிக்னல் சுமார்தான்.

படி 1. முதல் பேச்சு. கிளையன்ட் "ஒரு கோர்ஸ் வேண்டும்" என்றுதான் தொடங்குவார். உடனே சரி என்று சொல்லாதீர்கள். இப்போது என்ன தப்பு நடக்கிறது, அந்தத் தப்பு தெரியாததால் நடக்கிறதா, தெரிந்தும் நடக்கிறதா என்று கேளுங்கள். கயிறு தரமில்லாததால் அறுகிறது என்றால் அதற்குப் பாடம் மருந்தல்ல, நல்ல கயிறுதான் மருந்து. அதைச் சொல்லத் தயங்க வேண்டாம். அந்த ஒரு வார்த்தைக்காகவே அடுத்த வேலையும் உங்களிடம் வரும். பேசி முடித்த அன்றே, பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பி "இது சரிதானே" என்று கேட்டு வாங்குங்கள்.

படி 2. விஷயம் தெரிந்தவரிடம் கேட்பது. வேலையில் இவரை எஸ்எம்இ என்பார்கள். கைப்பழக்கம் ஏறிய ஆள் பாதிப் படிகளைச் சொல்ல மாட்டார்; செய்கிறோம் என்றே அவருக்குத் தெரியாது. "எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டால் நான்கு வரியில் முடித்துவிடுவார். "புதிதாக வந்த ஆள் முதல் வாரத்தில் எதைக் கெடுப்பார்?" என்று கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார். இன்னும் நல்லது, வேறொருவர் போனைப் பிடிக்க அவர் வேலை செய்வதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வது. அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கை எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

"காற்று திரும்பினா மிதவையைக் கரையேத்திடணும்" என்று ஓர் அக்கா சொல்வார். எந்தக் காற்று? வாடையில், அதாவது வடகிழக்குக் காற்றில், வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொந்தளிக்கும். கச்சானில், அதாவது தென்மேற்குக் காற்றில், தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்) கொந்தளிக்கும். வடகடல்காரர் ஒருவரிடம் மட்டும் கேட்டு எழுதினால், தென்கடல் பக்கத்தில் அந்தப் பாடத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். எங்கே வளர்க்க அனுமதி, எங்கே இல்லை என்பதையும் இதே சமயத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

படி 3. நோக்கம் எழுதுவது. "மிதவை நடவைப் புரிந்துகொள்வார்" என்று எழுதினால் புரிந்ததா இல்லையா என்று யாராலும் அளக்க முடியாது. கண்ணால் பார்க்கக்கூடிய செயல், எந்தச் சூழலில், எந்த அளவுக்கு என்ற மூன்றும் வர வேண்டும். இப்படி: "12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவைக்கு, 20 கயிறுகளில், கயிற்றுக்கு 20 துண்டு, துண்டுக்கு 150 கிராம் வீதம் 60 கிலோ விதைப்பாசியைக் கட்டி முடிப்பார், இழுத்துப் பார்த்தால் துண்டு கழலவும் கூடாது, கட்டு பாசியை அறுக்கவும் கூடாது." கணக்குச் சரியா என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்: 400 துண்டு, 150 கிராம், 60 கிலோ. எஸ்எம்இ சொன்ன எண்கள் ஒன்றோடொன்று முட்டுவது அடிக்கடி நடக்கும். கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள்தான்.

பத்து நிமிடப் பாடத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று நோக்கம் போதும். ஏழு எழுதியிருந்தால் அது ஒரு பாடமல்ல.

படி 4. கழிப்பது. நோக்கத்துக்கு உதவாத எதையும் வெளியே எடுங்கள். பாசியின் அறிவியல் வகைப்பாடு, உலகச் சந்தை, பாசியிலிருந்து கராஜீனன் என்ற கூழ்ப்பொருள் எப்படிப் பிரித்தெடுக்கப்படுகிறது என்பதெல்லாம் வல்லுநருக்குப் பிரியமானவை. கயிறு கட்டுபவருக்கு வேண்டாதவை. மொத்தமாக நீக்கினால் அவர் மனம் நோகும். "கூடுதல் வாசிப்பு" என்று ஒரு பிடிஎஃப்-ஆகக் கடைசியில் வைத்துவிடுங்கள். சண்டை இல்லாமல் முடியும்.

படி 5. ஸ்டோரிபோர்டு. பாடத்தைத் திரைக்குத் திரை எழுத்தில் திட்டமிடும் கோப்பு. இந்த வேலையின் இதயம் இதுதான், இங்கே அவசரப்படாதீர்கள். வேர்டில் ஓர் அட்டவணை போதும்: திரை எண், திரையில் தெரியும் எழுத்து, குரல், படம், கற்பவர் என்ன செய்வார், செய்தபின் என்ன தெரியும், உருவாக்குபவருக்குக் குறிப்பு. ஒரு வரிசை எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

திரை 6. எழுத்து: "எந்தக் கட்டு சரி?" குரல்: "மூணு கட்டும் பாருங்க. ரெண்டு மாசத்துல எது கழலும், எது பாசியை அறுக்கும், எது நிக்கும்?" படம்: ஒரே வெளிச்சத்தில் எடுத்த மூன்று நெருக்கப் புகைப்படங்கள், தளர்ந்த கட்டு, இறுகிய கட்டு, சரியான கட்டு. செயல்: ஒன்றைத் தொடுவது. பின்னூட்டம்: தளர்ந்ததைத் தொட்டால், அலையில் துண்டு உருவிப்போன கயிற்றின் படம், இறுகியதைத் தொட்டால், கட்டின இடத்தில் அறுந்த பாசியின் படம். குறிப்பு: தவறானதைத் தொட்டாலும் மீண்டும் முயலலாம், மதிப்பெண் இல்லை.

இதில் "தவறு, மீண்டும் முயலவும்" என்ற சிவப்புப் பெட்டி இல்லை. தவறின் விளைவைக் காட்டினாலே போதும். ஈர்க்கும் பாடம் வேண்டும் என்று கேட்டு கிளையன்ட் எதிர்பார்ப்பது பெரும்பாலும் பறக்கும் எழுத்தும் இசையும். கற்பவரை நிறுத்திவைப்பது அதுவல்ல. தனக்கு நடக்கக்கூடிய ஒரு விஷயத்தில் ஒரு முடிவெடுக்கச் சொல்வதுதான். இந்தப் பாடத்தில் குரலில் வரும் "ரெண்டு மாசத்துல" என்பதையும் எஸ்எம்இ திருத்துவார்: சுழற்சி 45 நாள். சின்ன விஷயம்தான், ஆனால் அது தப்பாக இருந்தால் தொழில் தெரிந்த கற்பவர் அங்கேயே நம்பிக்கை இழந்துவிடுவார். இந்த மாதிரித் திருத்தம் ஸ்டோரிபோர்டில் வந்தால் ஒரு நிமிட வேலை. குரல் பதிவு முடிந்தபின் வந்தால் அரை நாள் போகும்.

திரையில் உள்ளதையே குரலும் அப்படியே வாசிக்கக் கூடாது. கண்ணும் காதும் ஒரே வரியைப் பிடிக்க முயன்று இரண்டும் தடுமாறும். குரல் விளக்கட்டும், திரையில் படமும் ஒரு சொல்லும் இருந்தால் போதும். கற்பவர் பலருக்கு வாசிப்பு சரளமில்லை என்றால் இது இன்னும் முக்கியம்.

படி 6. கேள்விகள். தவறான விடைகளை உட்கார்ந்து கற்பனை செய்யாதீர்கள். "புதிய ஆள் எதைக் கெடுப்பார்" என்று படி 2-ல் வாங்கிய பட்டியலிலிருந்து எடுங்கள். உதாரணமாக: "விதைப்பாசியில் சில துண்டுகளின் நுனி வெளுத்திருக்கிறது. என்ன செய்வீர்கள்?" அ) கடலில் இறங்கினால் நிறம் திரும்பிவிடும், அப்படியே கட்டுவேன். ஆ) அந்தத் துண்டுகளை ஒதுக்கிவிட்டு நல்லதை மட்டும் கட்டுவேன். இ) வெளுத்ததை மிதவையின் ஓரக் கயிறுகளில் மட்டும் கட்டுவேன். மூன்றுமே ஒருவர் நிஜமாகச் செய்யக்கூடியவை. "வெளுத்த நுனியைக் கிள்ளிவிட்டு மீதியைக் கட்டுவேன்" என்று நான்காவது சேர்த்தால் என்ன ஆகும்? வல்லுநர்களில் ஒருவர் சரி என்பார், இன்னொருவர் தப்பு என்பார். அப்படி வாதத்துக்கு இடம் தரும் விடையைப் போடாதீர்கள். "மேற்கண்ட அனைத்தும்" என்பதும் வேண்டாம். மிக நீளமான விடையே எப்போதும் சரியான விடையாக அமைவதும் வேண்டாம். பள்ளிக்கூடத்திலேயே இந்த இரண்டையும் எல்லாரும் கண்டுபிடித்துவிட்டோம்.

படி 7. குரலும் வீடியோவும். இதற்குச் செய்தி வாசிப்பு நடை எடுபடாது, ஊர்ப் பேச்சிலேயே பதிவு செய்யுங்கள். கதவு, ஜன்னல் அடைத்து, விசிறியை நிறுத்தி, நாலு பக்கமும் துணி தொங்கும் அறையில், மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்காருங்கள். விடிகாலை பாங்கு, கோயில் ஒலிபெருக்கி, படகு இன்ஜின் எதுவும் இல்லாத இடைவெளி உங்கள் தெருவில் எப்போது என்று உங்களுக்கே தெரியும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இலவசம். தொடக்கத்தில் ஐந்து விநாடி பேசாமல் பதிவு செய்யுங்கள். இரைச்சல் நீக்க அதுதான் மாதிரி. உச்ச ஒலி மைனஸ் 3 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். மோனோ, 64 கேபிபிஎஸ் எம்பி3-ஆக வெளியிட்டால் பத்து நிமிடக் குரல் 5 எம்பிக்குள் அடங்கும். வீடியோ 720பி, எச்.264, 1 எம்பிபிஎஸ் என்றால் இரண்டு நிமிடம் 15 எம்பி. கரையில் நின்று பார்க்கும் போனுக்கு இதற்கு மேல் கொடுத்தால் சுழன்றுகொண்டே நிற்கும். துணைத்தலைப்பு எஸ்ஆர்டி கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள்; மறந்தால் தமிழ் முழுக்கக் கட்டம் கட்டமாக வரும்.

படி 8. உருவாக்குவது. இப்போதுதான் மென்பொருள். பெரும்பாலான கிளையன்ட்டுகள் கேட்பது ஆர்டிகுலேட்டின் ஸ்டோரிலைன், ரைஸ். ஸ்டோரிலைன் விண்டோஸில் மட்டுமே நேராக ஓடும். 30 நாள் இலவசமாகப் பார்க்கலாம். ஸ்டோரிபோர்டு தயாராக இல்லாமல் அந்த 30 நாளைத் தொடங்கி வீணாக்காதீர்கள். காசில்லாமல் பழக எச்5பி (H5P) என்ற இலவசக் கருவி போதும். லூமி என்ற இலவச எடிட்டரில் இணையமே இல்லாமல் கணினியில் செய்து ஸ்கார்ம் தொகுப்பாகவும் எடுக்கலாம் (ஸ்கார்ம் என்ன என்பது படி 9-ல்).

தமிழில் செய்யும்போது வரும் சிக்கல்கள் தனி. கிளையன்ட் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்பை அனுப்பினால் முதலில் யுனிகோடாக மாற்றி, மாற்றியதை வரிவரியாகப் படியுங்கள். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யுனிகோடு எழுத்துருவாக இருக்கட்டும். கொம்பு தனியே பிரிந்து நிற்கிறதா என்று போனில் திறந்து பாருங்கள். மேலே புள்ளி, கீழே சுழி என்று நம் எழுத்து மேலும் கீழும் இடம் கேட்கும். வரி இடைவெளியை 1.5 வையுங்கள். பட்டனில் "விடையைச் சமர்ப்பிக்கவும்" என்று எழுதினால் பாதி வெட்டுப்படும், "சரிபார்" போதும். பிளேயரில் தானாக வரும் ஆங்கிலச் சொற்களை மாற்ற ஸ்டோரிலைனில் தனிப் பட்டியல் உண்டு. அதை மறந்து, பாடம் முழுக்கத் தமிழும் கீழே "நெக்ஸ்ட்" ஆங்கிலத்திலுமாக விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது அணுகல்தன்மை விதி. வெயிலில் போன் பார்ப்பவருக்கு அதுவும் பத்தாது; வெள்ளைமேல் கறுப்பே சரி.

படி 9. ஸ்கார்ம். பாடத்தை ஏற்றிக் கற்பவருக்குக் காட்டி, கணக்கு வைக்கும் தளத்தை எல்எம்எஸ் என்பார்கள். பாடம் அதோடு பேசும் மொழி இது. யார் முடித்தார், எவ்வளவு மதிப்பெண் என்று அனுப்பும். அதிகம் புழங்குவது 2001-ல் வந்த ஸ்கார்ம் 1.2. மூடில் (Moodle) என்ற எல்எம்எஸ் அதைத்தான் முழுமையாக ஏற்கும், ஸ்கார்ம் 2004-ஐ அல்ல. கிளையன்ட்டிடம் எது என்று கேட்டுவிட்டு வெளியிடுங்கள். வழக்கமாக வரும் கோளாறுகள் இவை.

எல்எம்எஸ் "மேனிஃபெஸ்ட் இல்லை" என்கிறதா? ஜிப்பை விரித்து மீண்டும் ஜிப் செய்தபோது வெளியே ஒரு கோப்புறை கூடிவிட்டது. இம்ஸ்மேனிஃபெஸ்ட் எக்ஸ்எம்எல் கோப்பு ஜிப்பைத் திறந்ததும் முதல் தட்டிலேயே இருக்க வேண்டும்.

கற்பவர் பாதியில் விட்டு மறுபடி வந்தால் முதல் திரைக்கே போகிறாரா? ஸ்கார்ம் 1.2-ல் விட்ட இடத்தைக் குறித்துவைக்க 4096 எழுத்துக்குத்தான் இடம். பெரிய பாடம் அதைத் தாண்டிவிட்டால் குறிப்பு அழியும். பாடத்தை இரண்டாகப் பிரியுங்கள்.

எல்லாம் முடித்தும் "முடிக்கவில்லை" என்று காட்டுகிறதா? முடிவுத் திரையைத் தொடாமல் டேபை மூடியிருப்பார். முடித்ததாகக் கணக்கிடும் விதியைத் தேர்வு முடிவோடு கட்டாமல், பார்த்த திரைகளின் எண்ணிக்கையோடு கட்டுங்கள். படம் வரவில்லை என்றால் கோப்புப் பெயரைப் பாருங்கள். தமிழ்ப் பெயரும் இடைவெளியும் சில எல்எம்எஸ்ஸில் உடையும். உள்ளே வைக்கும் கோப்புகளுக்கு ஆங்கில எழுத்திலேயே பெயர் வையுங்கள்.

அனுப்புமுன் ஸ்கார்ம் கிளவுட் என்ற சோதனைத் தளத்தில் ஏற்றி ஒருமுறை முழுக்க ஓட்டிப் பாருங்கள். "என் கணினியில் ஓடுகிறது" என்பது விடையாகாது.

படி 10. ஆள் வைத்துப் பார்ப்பது. மூன்று நான்கு பேர் போதும். மலிவான போன், வைஃபை இல்லாத மொபைல் டேட்டா, பக்கத்தில் நீங்கள். எதுவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. எங்கே விரல் தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள். "நல்லா இருக்குங்க" என்று எல்லாரும் சொல்வார்கள், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். கயிற்றையும் பாசித் துண்டையும் கையில் கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

திருத்தச் சுற்றுகளைக் கட்டுக்குள் வைப்பது

தூரத்திலிருந்து செய்யும் வேலையில் காசும் நேரமும் ஒழுகும் ஓட்டை இதுதான். ஸ்டோரிபோர்டுக்கு இரண்டு சுற்று, உருவாக்கிய பாடத்துக்கு இரண்டு சுற்று என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கருத்துகள் ஒரே ஆளிடமிருந்து, ஒரே கோப்பில் வர வேண்டும். மூன்று மேலாளர்கள் மூன்று மின்னஞ்சலில் ஒன்றுக்கொன்று எதிராக எழுதினால், அதைத் தீர்த்துத் தரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள், நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். வாட்ஸ்அப் குரல்பதிவில் வந்த திருத்தத்தை எழுதி அனுப்பி ஒப்புதல் வாங்கிய பிறகே கை வையுங்கள். ஸ்டோரிபோர்டு ஒப்புதலுக்குப் பிறகு உள்ளடக்கம் மாறினால் அது புது வேலை, தனிக் கட்டணம். இதைச் சிரித்த முகத்தோடு, ஆனால் முதல் முறையே சொல்லிவிட வேண்டும்.

மாதிரித் தொகுப்பும் வேலை தேடலும்

கிளையன்ட்டுக்குச் செய்ததைப் பெரும்பாலும் வெளியே காட்ட முடியாது. ரகசிய ஒப்பந்தம் இருக்கும். எனவே சொந்தமாக மூன்று மாதிரி செய்யுங்கள். ஒன்று முடிவெடுக்கும் சூழ்நிலை, ஒன்று மென்பொருள் பயிற்சி, ஒன்று குட்டி வீடியோ. "காலநிர்வாகம்", "தகவல்தொடர்புத் திறன்" என்று எல்லாரும் செய்வதையே செய்யாதீர்கள். பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டை வலையில் ஏறிவிட்டால் என்ன செய்வது, இராமேஸ்வரம் லாட்ஜில் அதிகாலை வரும் வடநாட்டு யாத்ரீகர் குழுவை வரவேற்பாளர் எப்படிச் சமாளிப்பது, படகு இன்ஜினைக் கிளப்புமுன் எதையெல்லாம் பார்ப்பது என்றெல்லாம் செய்து பாருங்கள். கையருகே உண்மையான எஸ்எம்இ இருக்கும் விஷயத்தில் மாதிரி தானாகவே கனம் பெறும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்காரர்களுக்குப் பேச நேரம் இருக்கும். ஒவ்வொரு மாதிரியோடும் ஸ்டோரிபோர்டையும் இணையுங்கள். தேர்ந்தெடுக்கிறவர் அதைத்தான் முதலில் திறப்பார்.

தேர்வுக்காக நான்கைந்து திரை செய்து காட்டச் சொன்னால் செய்யலாம். முழுப் பாடத்தையே "டெஸ்ட்" என்று கேட்டால் அது இலவச வேலை. பதிவுக் கட்டணம், டெபாசிட் என்று யார் கேட்டாலும் அதோடு விட்டுவிடுங்கள்.

விலையும் வரவும்

பத்து நிமிடம், ஓரளவு செயல்பாடுகள் கொண்ட பாடத்துக்கு 30 முதல் 40 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டி, ஸ்டோரிபோர்டு, திருத்தம் எல்லாம் அதில் அடக்கம். முதல் பாடத்துக்கு இதைப்போல இரண்டு மடங்கு ஆகும். விலையைத் திரை எண்ணிக்கை, குரல் யார், படங்களின் உரிமம் யார் செலவு, மூலக் கோப்பு தர வேண்டுமா என்ற நான்கையும் எழுதிவிட்டுச் சொல்லுங்கள். 30 சதவீதம் முன்பணம், 40 ஸ்டோரிபோர்டு ஒப்புதலில், 30 ஒப்படைப்பில் என்ற வரிசை இருவருக்கும் பாதுகாப்பு.

வெளிநாட்டுப் பணம் வந்தால் வங்கி நோக்கக் குறியீடு கேட்கும். ஒவ்வொரு வரவுக்கும் சான்றை வாங்கி இன்வாய்ஸோடு சேர்த்து வையுங்கள். சேவைக்கான ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பதிவு செய்தவர் வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கு எல்யுடி என்ற உறுதிமொழிக் கடிதத்தைத் தாக்கல் செய்தால் வரி கட்டாமல் அனுப்பலாம். உள்நாட்டு கிளையன்ட் டிடிஎஸ் பிடித்தால் அது உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் காலாண்டுக்கு ஒருமுறை பாருங்கள். ஆண்டு வரி 10,000 ரூபாயைத் தாண்டும் என்றால் முன்கூட்டிய வரி கட்ட வேண்டும். மார்ச்சில் ஓடாமல், ஏப்ரலிலேயே ஓர் ஆடிட்டரைப் பார்த்துப் பேசிவிடுங்கள்.

ஒப்படைத்தபின் மூலக் கோப்பு, ஸ்டோரிபோர்டின் கடைசிப் பதிப்பு, குரல் பதிவு, பட உரிமச் சீட்டு, வெளியிட்ட ஜிப் ஆகிய ஐந்தையும் ஒரே கோப்புறையில் கிளவுடிலும், வெளி ஹார்டு டிஸ்கிலும் வையுங்கள். ஆறு மாதம் கழித்து "ஒரே ஒரு எண்ணை மாற்ற வேண்டும்" என்று மின்னஞ்சல் வரும். கோப்பு கையில் இருந்தால் அது பத்து நிமிட வேலை, அதற்கும் இன்வாய்ஸ் போடலாம்.